தொப்பி எண்ணுகிறவள்

அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பேர் வைத்தவன் ஹோமின் வேன் டிரைவர். பேர் வைக்கிறதில் அவன் கை பெரிய கை. அந்த முதியோர் ஹோமுக்குள் காலடி வைத்த நாய், பூனை, பால்காரர், கரண்ட் ஆபீஸ்காரர் யாரும் பட்டப்பேர் வாங்காமல் வெளியே போனதில்லை. மற்றப் பேரெல்லாம் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். இது மட்டும் அப்பிக்கொண்டது.

அப்பிக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஒருநாள் சமையற்கட்டில் குக்கர் வெடித்து, மூடி கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. மேனேஜரம்மா மேஜைக்கு அடியில் புகுந்தார். சமையல்காரர் ஓடிய ஓட்டத்துக்குக் கேட் மட்டும் பூட்டியிருக்காவிட்டால் இந்நேரம் கடல் தாண்டியிருப்பார். பத்து வருஷமாகக் காது கேட்காது என்று சொல்லிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், "ஐயோ என்ன சத்தம்!" என்று கத்தி மாட்டிக்கொண்டார். இவள் மட்டும் தலைமேல் விழுந்த சோற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பெட்ஷீட்டெல்லாம் மாடியில காயப்போடவா, பின்னால காயப்போடவா?" என்று கேட்டாள்.

"யக்கா, உன்னைய கிள்ளிப் பாத்தா ரத்தம் வருமா, ஐஸ் தண்ணி வருமா?" என்று டிரைவர் கேட்டான்.

"மாடியிலயே போடுறேன்" என்று அவள் போய்விட்டாள்.

கிள்ளிப் பார்க்கிற விஷயத்தில் டிரைவருக்கு முன்பே ஒருத்தி முந்திக்கொண்டாள், அது அவனுக்குத் தெரியாது. ஐஸ்பெட்டியின் புருஷன் நெடுநாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தவர். அவருக்கு ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் இவள்தான். அவர் போன அன்று வீடு நிறையச் சனம். எல்லாரும் அழுதார்கள். அவரை ஒருதரம்கூட எட்டிப் பார்க்காத சித்தப்பா, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதார். இவளுக்குத்தான் வரவில்லை. "அழுதுரு அக்கா, சனம் ஒரு மாதிரி பேசுது" என்று தங்கச்சி காதில் சொன்னாள். வரவில்லை. தங்கச்சி யாருக்கும் தெரியாமல் அவள் முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினாள். தோல் நீலமாகிப்போனது. கண் காய்ந்தே கிடந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே அடுத்த வீட்டு டி.வி.யை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. படம் ஓடும். சத்தம் வராது. அவள் அதைக் குறையாகவும் நினைக்கவில்லை. ஹோமில் ஆயா வேலைக்கு அது வசதியாகவே இருந்தது. ஒரு பெரியவர் காலமானால் மற்ற ஆயாக்கள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவார்கள். இவள் அந்தக் கட்டிலுக்கு வேறு விரிப்பு போடுவாள், தலையணை உறையை மாற்றுவாள், ஜன்னலைத் திறந்துவைப்பாள். மறுநாளோ அதற்கு மறுநாளோ அதே கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார். இவள் அவருக்கும் டீ ஆற்றிக் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் மேனேஜரம்மா பெரியவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போகிற வேலையைக் கொடுத்திருந்தார். "அவ பதற மாட்டா" என்பது காரணம்.

வாரத்துக்கு ஒருதரம் பூங்காவுக்குப் போவார்கள். அந்த ஒரு காலைக்காக அவர்கள் மற்ற நாளெல்லாம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால், இந்த ஒருதரம் மிகைப்படுத்தல் இல்லை. விடியும் முன்னாலேயே செருப்பு மாட்டி உட்கார்ந்துவிடுவார்கள். ராணியம்மா என்றொருவர் இருந்தார். பூங்காவுக்குப் போகிற அன்று அவர் முகத்தில் அப்புகிற பவுடரில் ஹோமின் முன்பக்கச் சுவர் முழுவதுக்கும் வெள்ளையடித்துவிட்டு மிச்சம் வைக்கலாம்.

மேனேஜரம்மா ஒவ்வொரு தடவையும் வேன் கிளம்பும்போது படியில் நின்று அதே வசனத்தைச் சொல்லுவார். "இங்க பாரும்மா. போன தடவ எத்தனை பேர் போனாங்களோ அத்தனை பேரும் திரும்பி வந்தாங்க. இந்தத் தடவையும் வரணும். ஒருத்தருக்கு ஒண்ணுன்னா கேட்டை இழுத்துச் சாத்திருவேன். அப்புறம் இவங்களுக்குக் கடைசி வரைக்கும் இந்த வராண்டாதான்."

யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று மேனேஜரம்மாவே எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி வாங்கி வைத்திருந்தார். ஆரஞ்சு நிறம். சாதாரண ஆரஞ்சு இல்லை. அதைப் பார்த்துவிட்டுச் சூரியனே, நமக்கு இங்கே என்ன வேலை என்று மேகத்துக்குள் போய்விடும். வேன் கிளம்பும்போது ஒன்பது தொப்பி. பூங்காவில் இறங்கியதும் ஒன்பது. திரும்பக் கிளம்பும்போது ஐஸ்பெட்டி இரண்டு கையையும் தட்டி, "தொப்பி எல்லாம் வண்டிக்கு!" என்று கூப்பிடுவாள். அவர்கள் மெதுமெதுவாக ஏறுவார்கள். ஒன்பது. கதவைச் சாத்துவாள். இந்த வழக்கத்தில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

அந்த ஒன்பதில் ஒன்று லிஃப்டுக்காரருடையது.

பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்டு ஓட்டியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். இப்போது ஞாபகமெல்லாம் கழன்றுபோய், மரியாதை மட்டும் மிச்சம் இருந்தது. எந்த வாசலில் யார் நுழைந்தாலும் ஒதுங்கி நின்று கையை நீட்டி, "எந்த மாடிங்க?" என்று கேட்பார். பாத்ரூம் வாசலிலும் கேட்பார். அவசரத்தில் போகிறவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரை நோய், சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை. ஒரே மகன். "எங்கப்பாவ வெளிய கூட்டிட்டுப் போறது எனக்கு இஷ்டமே இல்ல, கேக்குறாரேன்னு விடுறேன்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தவன்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பூங்காவில் பெரியவர்கள் ஆளுக்கொரு பெஞ்சில் பரவி உட்கார்ந்தார்கள். ராணியம்மாவுக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. ஐஸ்பெட்டி கூட்டிக்கொண்டு போனாள். ராணியம்மா உள்ளே போனால் வெளியே வருவதற்குள் ஒரு மரம் நட்டுப் பழம் பறித்துவிடலாம். முடித்து வந்ததும், போகிற நேரமாகிவிட்டது. ஐஸ்பெட்டி கையைத் தட்டினாள்.

"தொப்பி எல்லாம் வண்டிக்கு!"

தொப்பிகள் எழுந்தன, வந்தன, ஏறின. ஒன்பது. கதவைச் சாத்திவிட்டு முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் டிரைவர் தன் மாமியார் குறட்டையால் வீட்டு ஓடு இரண்டு இறங்கிவிட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். இவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹோமில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாத்திரை டப்பாவோடு அவள் ஒவ்வொருவராக வந்தாள். லிஃப்டுக்காரர் நாற்காலிக்கு வந்ததும் மாத்திரையை எடுத்து, தொப்பிக்குக் கீழே இருந்த வாய்க்கு நேராகக் கையை நீட்டினாள்.

"எனக்கு சுகர் இல்லையேம்மா" என்றது வாய்.

"தினமும் போடுறதுதானப்பா. வாயத் திறங்க."

"இல்லம்மா, எனக்கு சுத்தமா சுகர் கிடையாது. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. குடுக்கிறதா இருந்தா முட்டிவலிக்கு ஏதாச்சும் குடு."

ஐஸ்பெட்டி நிமிர்ந்து பார்த்தாள். ஆரஞ்சுத் தொப்பிக்குக் கீழே, அவள் பிறந்ததிலிருந்து பார்த்தே இராத ஒரு முகம். உருண்டை முகம். மேல்வரிசையில் பல் இல்லை. வாய் நிறையச் சிரிப்பு.

மாத்திரை அவள் உள்ளங்கையில் இருந்தது. இன்னும் ஒரு விரல்கடை தூரம். அதைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"நீங்க யாரு?"

"அதத்தாம்மா நானும் வந்ததுலருந்து யோசிக்கிறேன், நீங்கெல்லாம் யாருன்னு. ஆனா நல்ல சனம். உக்காந்ததும் தண்ணி குடுத்தீங்க, ஃபேன் போட்டீங்க. இது ஓட்டலா?"

"இந்தத் தொப்பி எப்படி உங்க தலைக்கு வந்துச்சு?"

"பெஞ்சுல ஒரு பெரியவர் இருந்தாரு. என் மொட்டத் தலையில வெயில் அடிக்கிறதப் பாத்துட்டு, தன் தொப்பியக் கழட்டி எனக்கு வச்சுவிட்டாரு. தங்கமான மனுஷன். எந்த மாடின்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் நீ தொப்பி எல்லாம் வான்னு கூப்பிட்ட. என் தலையில தொப்பி இருந்துச்சு. வந்தேன்."

ஐஸ்பெட்டி வரிசையைப் பார்த்தாள். எதிர் நாற்காலியில் ராணியம்மா பவுடர் முகத்தோடு சோற்றுக்குக் காத்திருந்தார். வேனில் இந்த மனிதருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவர் அவர்.

"ராணிம்மா, இது வேற ஆளுன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதே" என்றார் ராணியம்மா. "ஏறும்போதே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? லிஃப்டுக்காரர் போய்ச் சேந்துட்டாரு போல, அந்த இடத்துக்கு இவர் வந்திருக்காருன்னு நெனச்சேன். இங்க அப்படித்தானே நடக்கும்? நீதான் படுக்கைய மாத்திப் போடுவ. சாம்பாரோ குழம்போ, சீக்கிரம் போடச் சொல்லு."

வரிசையில் இன்னும் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

மேனேஜரம்மாவிடம் போய் அவள், "லிஃப்டுக்காரர விட்டுட்டு வந்துட்டேன் மேடம். அவர் இடத்துல வேற ஒருத்தரக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று, உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். மேனேஜரம்மா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடினார். "ரோடு! பூங்காக்கு முன்னால அந்த ரோடு!" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. அந்த ரோட்டில் லாரி ஓடாத நேரம் கிடையாது. லிஃப்டுக்காரரோ எதிரே எது வந்தாலும் ஒதுங்கி நின்று எந்த மாடி என்று கேட்கிற மனிதர். மாத்திரையும் போடவில்லை, சாப்பிடவும் இல்லை.

வேன் கிளம்பியது. டிரைவர், ஐஸ்பெட்டி, அப்புறம் அந்தப் பல்லில்லாதவர். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமே" என்று அவர் இடம்விட்டு எழ மறுத்ததால், தட்டோடு தூக்கி வேனில் வைத்தார்கள். அவர் மடியில் தட்டை வைத்துப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, "ஓட்டலுக்கு உப்புக் கொஞ்சம் கம்மி, மத்தபடி குறையில்ல" என்றார்.

டிரைவர் அன்றைக்கு ஓட்டினது வேனை இல்லை, ராக்கெட்டை. அவன் வாயிலிருந்து ஒரு கேலிகூட வரவில்லை. "யக்கா, எங்கப்பா மாதிரி அவரு" என்றான். "எனக்கு வயித்த என்னமோ பண்ணுது யக்கா. உனக்கு ஒண்ணுமே பண்ணலியா?"

அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். வயிறு, நெஞ்சு, தொண்டை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எதுவும் ஒன்றும் பண்ணவில்லை.

"ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி" என்றாள்.

பூங்காவில் பெஞ்சு காலியாக இருந்தது. சுற்றிலும் பார்த்தார்கள். மரத்தடி, குழாயடி, கழிவறை, எங்கும் இல்லை. டிரைவருக்குத் திடீரென்று மூளை மின்னியது. "லிஃப்டு! பக்கத்துல துணிக்கடை இருக்கே, அங்க லிஃப்டு இருக்கு! வேற எங்க போவாரு?" என்று ஓடினான். லிஃப்டு அப்போதுதான் மேலே போய்க்கொண்டிருந்ததால், இவன் அதைத் துரத்திக்கொண்டு படியில் ஏறினான். இவன் மேலே போகும்போது அது கீழே வந்தது. இவன் கீழே வரும்போது அது மேலே போனது. கடைசியில் கதவு திறந்தபோது உள்ளே ஒரு அம்மாளும் மூன்று பட்டுப்புடவைப் பெட்டியும்தான் இருந்தன. நாக்குத் தள்ள அவன் திரும்பி வந்தபோது ஐஸ்பெட்டி ரோட்டோரம் நின்று, தாரில் ஏதாவது ரத்தக் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் ஒட்டின கறையைத் தேடுகிற மாதிரிதான் தேடினாள். அப்படித் தேடுகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

பல்லில்லாதவர் பெஞ்சைச் சுற்றி வந்தார். "என் குடையையும் காணோமே" என்றார். "சரி, என் மக எடுத்துட்டுப் போயிருப்பா. மத்தியானம் என்னையக் கூட்டிட்டுப் போக வருவா."

"உங்க மக எங்க இருக்காங்கப்பா?"

"இந்தா, பின்சந்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா."

"இத ஏன் பெரியவரே முன்னாலயே சொல்லல!" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான்.

"நீங்க கேக்கலையே" என்றார் அவர், விரலை நக்கிக்கொண்டு. "மாத்திரை வேணுமான்னுதான் கேட்டீங்க."

பின்சந்து வாயிலேயே கூட்டம் தெரிந்தது. இரண்டு பேர் நடக்கிற சந்தில் இருநூறு பேர் நின்றார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேருடைய சத்தம் இருந்தது. ஜெராக்ஸ் கடை முன்னால் லிஃப்டுக்காரர் நின்றிருந்தார். ஒரு தடியன் அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். அவர் நெஞ்சோடு சேர்த்து ஒரு கறுப்புக் குடையை அணைத்துப் பிடித்திருந்தார். எதிரே கடைக்காரப் பெண் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா உக்காந்திருந்த பெஞ்சுல இவர்தான் இருந்தாரு! எங்கப்பா குடை இவர் கையில எப்படி வந்துச்சுன்னு கேளுங்க! எங்கப்பா எங்கன்னு கேட்டா மாடி கேக்குறாரு! எங்கப்பாவ என்ன பண்ணீங்கய்யா?"

"எந்த மாடிங்க?" என்றார் லிஃப்டுக்காரர். குரல் உடைந்திருந்தது. "சொன்னா எறக்கிவிட்டுருவேங்க. எந்த மாடிங்க?"

"நடிக்கிறான்யா! ரெண்டு போடு, மாடி தன்னால வரும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். தடியன் கையை ஓங்கினான்.

லிஃப்டுக்காரர் ஓங்கிய கையைப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அவர் பேண்டு முன்பக்கம் நனைந்து, காலோடு இறங்கி, செருப்பைச் சுற்றித் தரையில் தேங்கியிருந்தது.

ஐஸ்பெட்டி கூட்டத்துக்குள் நடந்தாள். தள்ளவும் இல்லை, கத்தவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் தானாக ஒதுங்கினார்கள். தடியனின் ஓங்கிய மணிக்கட்டைப் பிடித்து, கதவுத் தாழ்ப்பாளை இறக்குகிற மாதிரி கீழே இறக்கினாள். தோள் பையிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து லிஃப்டுக்காரர் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள்.

"இவர் எங்க ஹோம் பெரியவர். அவருக்கு ஞாபகம் கிடையாது. உங்கப்பா வேன்ல இருக்காரு. சாப்பிட்டாச்சு" என்று கடைக்காரப் பெண்ணிடம் சொன்னாள்.

வேனிலிருந்து ஆரஞ்சுத் தொப்பி இறங்கியது. அந்தப் பெண் பாய்ந்து போய் அதன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "எங்கேப்பா போன! செத்துட்டன்னு நெனச்சேனே! உசுரே போச்சே எனக்கு! சொல்லாம போவியா? போவியா?"

"அடிக்காதடி, தின்ன சோறு வெளிய வந்துரும்" என்றார் அவர். அப்புறம் அவர் வாயும் கோணிக்கொண்டது. இரண்டு பேரும் நடுச்சந்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். தடியன் கண்ணைத் துடைத்தான். ரெண்டு போடச் சொன்ன குரல், "பெத்த பாசம்னா சும்மாவா" என்றது.

ஐஸ்பெட்டி பார்த்துக்கொண்டு நின்றாள். படம் ஓடியது. லிஃப்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், விரல் பதிகிற அளவுக்கு. வலித்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைக்குள் கூட்டிப்போய் உடை மாற்றி, சர்க்கரை இறங்கியிருக்குமோ என்று பிஸ்கட் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, திரும்பி வரும்போது இந்தத் தடவை முன்சீட்டில் உட்காராமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் உடம்பின் நடுக்கம் வழியெல்லாம் நிற்கவில்லை. டிரைவர் சத்தம் போட்டு அழுதுகொண்டே ஓட்டினான்.

சாயங்காலம் லிஃப்டுக்காரரின் மகன் வந்துவிட்டான். மேனேஜரம்மா அறையில் அவன் குதித்த குதிக்குச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் சாய்ந்தது. "எங்கப்பாவ நடுத்தெருவுல வச்சு அடிக்கப் பாத்திருக்காங்க! இங்க வேலை பாக்குறவங்களுக்கு ஆளு அடையாளம்கூடத் தெரியாதா?"

"இனிமே யாரும் வெளிய போக மாட்டாங்க சார்" என்றார் மேனேஜரம்மா. "இன்னியோட நிறுத்தியாச்சு. கேட்டைச் சாத்தியாச்சு."

கதவு திறந்துதான் இருந்தது. வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கேட்டது. ராணியம்மா காலில் மாட்டியிருந்த வெளியே போகிற செருப்பைக் குனிந்து கழற்றி, நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

ஐஸ்பெட்டி அதைப் பார்த்தாள். அறைக்குள் போனாள்.

"நிறுத்தாதீங்க மேடம்."

அவள் அந்த ஹோமில் வேண்டுமென்று வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அதுதான். மேனேஜரம்மா கடிகாரத்தை நிமிர்த்தப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டார்.

"நிறுத்தாம? இன்னொருத்தரத் தொலைக்கவா?"

"நான் தொப்பிய எண்ணினேன் மேடம். எப்பவுமே தொப்பியத்தான் எண்ணுவேன். மூஞ்சியப் பாக்குறதில்ல. இவர் மூஞ்சிய நான் தினமும் கழுவிவிடுறேன். ஆனா எப்படி இருக்கும்னு இப்பக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. இது அவங்க தப்பில்ல. என்னைய மாத்துங்க."

மகன் குதிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"அவரக் காணோம்னதும் பயந்தியா?" என்று மேனேஜரம்மா கேட்டார். குரல் தணிந்திருந்தது.

"இல்ல மேடம்."

"துளிகூடவா?"

"பயப்படணும்னு தெரிஞ்சுது. வரல."

மேனேஜரம்மா கடிகாரத்தை நிமிர்த்தி வைத்தார். "நீ பதற மாட்டன்னுதான் உன்னைய அனுப்பினேன்" என்றார். "பதறுறவளா ஒருத்திய அனுப்பியிருக்கணும்."

மகன் வெளியே போனான். வராண்டாவில் அவன் அப்பா ஒதுங்கி நின்று வழிவிட்டு மாடி கேட்டார். அவன் என்ன பதில் சொன்னானோ, உடனே கிளம்பவில்லை. இருட்டும் வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். போகும்போது மேனேஜரம்மாவிடம், "நிறுத்த வேணாம். சரியாப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் வேன் கிளம்பியது. கூடப் போனவள் சமையல்காரரின் தம்பி மனைவி. பல்லி விழுந்தாலே மயங்கி விழுகிறவள். ஐஸ்பெட்டிக்கு வேனுக்குள் வேலையில்லை. வேன் படிக்கட்டு அருகே நின்று, ஏறுகிறவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, யாரென்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும். திரும்பி வந்து இறங்கும்போதும் அப்படியே. மேனேஜரம்மா அவளுக்கு அதை வேலையாகக் கொடுத்தாரா, தண்டனையாகக் கொடுத்தாரா என்று யாருக்கும் விளங்கவில்லை.

அவள் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்த்தாள். லிஃப்டுக்காரருக்கு வலது காதுக்குக் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு மரு. அத்தனை நாள் சோப்புப் போட்டுத் தேய்த்த இடம். இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இன்னொருவருக்கு ஒரு புருவம் நரைத்து ஒரு புருவம் கறுப்பு. ராணியம்மா பவுடருக்கு நடுவிலிருந்து முறைத்தார்.

"என்னடி இப்படிப் பாக்குற? என் மூஞ்சியில என்ன எழுதியா ஒட்டியிருக்கு?"

"கண்ணுக்குக் கீழ பவுடர் படலைம்மா."

"அப்ப தேய்ச்சு விடு. பாத்துக்கிட்டே நின்னா ஆச்சா?"

தேய்த்துவிட்டாள். டிரைவர் ஹாரனை அடித்தான். "யக்கா, நீ பாக்குற பார்வைக்கு இவங்களுக்கு இன்னும் பத்து வயசு கூடிரும், ஏத்து!" வேன் கிளம்பித் திருப்பத்தில் மறைந்தது. அவள் மாடிக்குப் போய்ப் பெட்ஷீட்டுகளை உதறிப் போட ஆரம்பித்தாள். போட்டுக்கொண்டே ஏறினவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மரு. புருவம். பவுடர். பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தவர். எப்போதும் சிரிக்கிறவர். ஒவ்வொன்றாக வந்தது. எட்டு வந்தது. ஒன்பதாவது வரவில்லை.

விரிப்பைக் கொடியில் பாதியில் விட்டாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள். மரு. புருவம். பவுடர். ஒன்பதாவது ஆள் ஏறினார், அது தெரியும். பேர் சொன்னாள், அதுவும் தெரியும். தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஃபோனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டாள்.

"என்ன யக்கா, இப்பதான் பூங்கா வாசல்ல நிக்கிறேன்."

"எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க யக்கா. ஒன்பது பேரு, சுளையா."

"எண்ணிச் சொல்லாத. யாரு யாருன்னு சொல்லு."

"யக்கா, வெயில்ல..."

"திரும்பிப் பாரு தம்பி. ஒவ்வொருத்தரா மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் வாயில் வந்த கேலியை முழுங்கியது ஃபோனிலேயே கேட்டது. அப்புறம் சொல்ல ஆரம்பித்தான். லிஃப்டுக்காரர், கதவுகிட்ட நிக்கிறாரு. ராணியம்மா, பவுடர் டப்பாவோட. பல்செட்டு. அவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். ஃபோன் கையிலிருந்து வழுக்கியது. அவள் மற்றக் கைக்கு மாற்றிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள். வேர்த்திருந்தது. காயப்போட்ட விரிப்பில் துடைத்தாள். மறுபடி வேர்த்தது.

"அப்புறம்?" என்றாள். "அப்புறம் யாரு?"